விடுதலைப் பண்ணை: ஃபேனி லூ ஹேமரின் பேசப்படாத நிலப் போராட்டம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது, ஃபேனி லூ ஹேமரின் பெயரை நாம் வாக்குரிமையோடு சேர்த்தே நினைவுகூர்கிறோம். 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதிச் சான்றுக் குழுவின் முன் அமர்ந்து, மிசிசிப்பிச் சிறையில் தாம் அடித்து நொறுக்கப்பட்டதை நாடறியச் சொன்னவர் அவர். அந்தச் சாட்சியம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டி, தொலைக்காட்சிகளின் கவனத்தைத் திருப்ப முயன்றதும் பலர் அறிந்த செய்திதான். ஆனால் தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் அவர் தமது உடலையும் உழைப்பையும் கொட்டிய ஒரு பண்ணையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது நிலைக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஏன் நிலைக்கவில்லை என்பதை அறிவது, நிலவுரிமையைப் பேசும் நமக்கு அவரது வெற்றிகளை அறிவதைப் போலவே தேவையானது.

நஞ்சு கலந்த தீவனம்

1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் மாண்ட்கோமரி மாவட்டத்தில், ஜேம்ஸ் லீ டவுன்சென்ட், லூ எல்லா இணையரின் இருபதாவது பிள்ளையாக, கடைக்குட்டியாகப் பிறந்தார் ஃபேனி லூ. அவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சன்ஃபிளவர் மாவட்டத்தின் பருத்திக் காடுகளுக்கு வாரச் சாகுபடி செய்யக் குடிபெயர்ந்தது. மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியின் கரிய மண் உலகின் வளமான மண்களில் ஒன்று. அந்த மண்ணில் உழைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளின் பேரப்பிள்ளைகள்; மண் வெள்ளைப் பண்ணையார்களுடையது.

வாரச் சாகுபடியின் கணக்கு நம் கிராமங்களுக்குப் புதிதன்று. நிலம் பண்ணையாருடையது. விதையும் உரமும் அரிசியும் துணியும் அவருடைய கடையிலேயே கடனாகக் கிடைக்கும். விளைச்சலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியிலிருந்து கடனும் வட்டியும் கழிக்கப்படும். கணக்கை எழுதுகிறவரும் அவரே. ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம் ஆண்டின் முடிவில் மீண்டும் கடனாளியாகவே நிற்கும். ஆறு வயதில், கடைத் தின்பண்டங்களைத் தருவதாக ஆசை காட்டிச் சிறுமி ஃபேனி லூவைப் பருத்தி எடுக்க இறக்கினார் பண்ணையார். அந்தத் தின்பண்டங்களும் கடன் கணக்கில் ஏறின. பதின்மூன்று வயதில் நாளொன்றுக்கு 200 பவுண்டுக்கும் மேல் பருத்தி எடுக்கும் கைகள் அவருக்கு வாய்த்துவிட்டன. பருத்தி வேலை இல்லாத சில மாதங்களில் மட்டுமே பள்ளி. அதுவும் ஆறாம் வகுப்போடு முடிந்தது.

இந்தச் சுழலிலிருந்து வெளியேற டவுன்சென்ட் குடும்பம் ஒருமுறை முயன்றது. பல ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் தந்தை கோவேறு கழுதைகளும் ஒரு வண்டியும் உழுகருவிகளும் வாங்கினார். வாரத்தை விட்டுவிட்டுப் பணக் குத்தகைக்கு நிலம் எடுத்தார். வீட்டைச் சீர்செய்தார். பண்ணையாரின் கடைக்குக் கடன்படாமல் தம் விளைச்சலைத் தாமே விற்கும் ஒரு குடும்பப் பண்ணையின் தொடக்கம் அது. ஓர் இரவு, அப்பகுதி வெள்ளையர் ஒருவர் கழுதைகளின் தீவனத்தில் பாரிஸ் கிரீன் என்னும் ஆர்சனிக் கலந்த பூச்சிக்கொல்லியைக் கலந்துவிட்டார். குடும்பத்தினர் வந்து பார்த்தபோது ஒரு கழுதை இறந்துகிடந்தது, மற்றவை செத்துக்கொண்டிருந்தன. உழவு மாடில்லாத உழவன் கதைதான். குடும்பம் மறுபடியும் வாரத்துக்கே திரும்பியது. அதன் பிறகு எழவேயில்லை. தந்தை 1939இல் இறந்தார். காட்டைத் திருத்தும் வேலையின்போது கண்ணில் அடிபட்ட தாய், உரிய மருத்துவமின்றிப் பார்வையை இழந்தார்.

இந்த நிகழ்வின் பொருளை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பம் ஊர்வலம் போகவில்லை, வாக்குக் கேட்கவில்லை, எவரையும் எதிர்க்கவில்லை. யாருடைய தயவுமின்றி உழுதுண்ண முயன்றது, அவ்வளவே. ஆதிக்கத்துக்கு அதுவே பொறுக்கமுடியாத குற்றமாக இருந்தது. நம் ஊர்களிலும் ஒடுக்கப்பட்டவர் ஓட்டு வீடு கட்டியபோது, மோட்டார் வைத்தபோது, மாடு வாங்கியபோது வந்த கோபத்தின் உறவுதான் அந்தத் தீவனத் தொட்டியில் கலந்த நஞ்சு.

பதிவேடும் பட்டினியும்

1940களின் நடுவில் டிராக்டர் ஓட்டுநரான பேப் ஹேமரை மணந்து, ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் குடியேறினார் ஃபேனி லூ. எழுதப் படிக்கத் தெரிந்ததால் வேலை நேரத்தையும் எடையையும் குறிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பண்ணையாரின் எடைக்கல் தொழிலாளரை ஏமாற்றும் கல் என்பது அவருக்குத் தெரியும். பண்ணையார் கண்ணில் படாத வேளைகளில் சரியான கல்லை மாற்றி வைத்து, எடுத்த பருத்திக்கு உரிய எடையைப் பதிந்தார். பின்னாளில் அவர் நடத்திய பெரிய போராட்டங்களின் வித்து அந்தத் தராசில் இருக்கிறது.

1961இல், கருப்பைக் கட்டியை அகற்றச் சென்ற அவருக்கு, அவரது ஒப்புதலின்றியே கருப்பையை நீக்கினார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அந்நாளில் நேர்ந்த கொடுமை அது. மறு ஆண்டு ஆகஸ்டில், மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் கூட்டம் நடத்தினார்கள். கறுப்பினத்தவருக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதையே அப்போதுதான் தாம் அறிந்ததாக ஹேமர் பின்னர் நினைவுகூர்ந்தார். அவருக்கு அப்போது வயது 44.

1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேர் ஒரு பழைய பேருந்தில் மாவட்டத் தலைநகர் இண்டியனோலாவுக்குச் சென்றார்கள். மாநில அரசமைப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லி அவரைத் தோற்கடித்தார்கள். திரும்பும் வழியில், வண்டியின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்தைப் போல இருக்கிறது என்று காவலர்கள் தண்டம் விதித்தார்கள். வீடு திரும்பியதும், பெயரைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார் பண்ணையார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த இடத்தை அன்றிரவே விட்டு வெளியேறினார் ஹேமர். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருக்க வேண்டும், போனால் வீட்டுச் சாமான்கள் பறிபோகும் என்ற மிரட்டலும் சேர்ந்தே வந்தது. சில நாட்களில் அவர் தங்கியிருந்த நண்பர் வீட்டின்மீது பதினாறு முறை சுட்டார்கள். 1963 ஜனவரியில் அவர் தேர்வில் வென்று வாக்காளரானார். அதே ஆண்டு ஜூனில் வினோனா சிறையில் விழுந்த அடிகள் அவரது சிறுநீரகத்தையும் ஒரு கண்ணையும் வாழ்நாள் முழுவதற்கும் பழுதாக்கின.

வாக்குக் கேட்டவருக்கு வீடும் வேலையும் போயின என்பது ஹேமர் ஒருவரின் கதை மட்டுமன்று. 1962 இறுதியில் அண்டை மாவட்டமான லெஃப்ளோரில், வாக்காளர் பதிவு தொடங்கியதும், நடுவணரசின் உபரி உணவுப் பொருள்களை வழங்குவதை மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது. 20,000க்கும் மேற்பட்டவர்களின் குளிர்கால உணவு அது. வாக்குரிமையை வீழ்த்தத் துப்பாக்கியைவிடச் சோற்றுப் பானை எளிய கருவி என்பதை ஆதிக்கம் அறிந்திருந்தது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னும் அந்தக் கருவி கூர்மழுங்கவில்லை.

சொல்லப்போனால் அது மேலும் கூரானது. பருத்தி எடுக்க இயந்திரம் வந்துவிட்டது; களையெடுக்கக் களைக்கொல்லி வந்துவிட்டது. 1967இல் பண்ணைத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது, கூலியை உயர்த்துவதற்குப் பதில் ஆட்களைக் குறைத்தார்கள் பண்ணையார்கள். இலவச உணவுப் பொருள்களுக்குப் பதிலாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய உணவு வில்லைகள் வந்தன. கையில் காசே இல்லாதவருக்கு அவை வெறும் காகிதம். அதே சன்ஃபிளவர் மாவட்டத்தில் பண்ணை வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்டுக்கு, அரசின் பருத்தி மானியமாக ஓராண்டில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. அந்த 1967இல்தான் ஹேமரின் வளர்ப்பு மகள், ஊட்டமின்மையால் நலிந்த உடலோடு, அருகில் மருத்துவம் மறுக்கப்பட்டு, தொலைவிலுள்ள மெம்ஃபிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டபோது உயிரிழந்தார். அவருடைய இரு பெண் குழந்தைகளையும் ஹேமர் இணையரே வளர்த்தார்கள்.

நாற்பது ஏக்கர்

பசித்தவருக்கு வாக்குச்சீட்டோடு நிலமும் வேண்டும் என்ற முடிவுக்கு ஹேமர் வந்தது இந்தச் சூழலில்தான். அவருடைய திட்டம் இரண்டு கால்களில் நின்றது.

முதலாவது, பன்றி வங்கி. டோரதி ஹைட் தலைமையிலான நீக்ரோ பெண்கள் தேசிய மன்றத்தின் உதவியோடு ஐம்பதுக்கு மேற்படாத பன்றிகளைக் கொண்டு அது தொடங்கியது. ஒரு குடும்பத்துக்குப் பெண் பன்றி தரப்படும். அது ஈனும் குட்டிகளில் இரண்டை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். மற்றவை குடும்பத்துக்கே சொந்தம். திருப்பித் தரப்பட்ட குட்டிகள் வேறு குடும்பங்களுக்குப் போகும். வட்டியில்லை, அடமானமில்லை, கணக்கெழுதும் பண்ணையாரில்லை. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குக் குளிர்கால இறைச்சி கிடைத்தது. ஒடுக்கப்பட்டவரின் தொழுவத்தில் ஒரு காலத்தில் நஞ்சு வைக்கப்பட்டது. அந்த மாவட்டத்திலேயே தொழுவத்திலிருந்து தொழுவத்துக்கு உயிர் கைமாறும் ஓர் ஏற்பாட்டை அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி உருவாக்கினார்.

இரண்டாவது, 1969இல் தொடங்கிய விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலிருந்து இயங்கிய மெஷர் ஃபார் மெஷர் என்ற அறக்குழு தந்த நிதியில் முதலில் வாங்கப்பட்டது நாற்பது ஏக்கர். அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரின் முடிவில், தளபதி ஷெர்மன் விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் ஒதுக்க ஆணையிட்டார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினார்கள். அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலத்தின் பெரும்பகுதியை முன்னாள் ஆண்டைகளிடமே திருப்பிக் கொடுத்தார். நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் என்ற அந்த முறிந்த வாக்குறுதி கறுப்பின மக்களின் நாவில் நூறாண்டு நிலைத்திருந்தது. டவுன்சென்ட் வீட்டின் கழுதைகளும் ரூல்வில்லின் நாற்பது ஏக்கரும் அந்த வரலாற்றின் இரு முனைகள்.

விடுதலைப் பண்ணை சன்ஃபிளவர் மாவட்டத்தின் மற்றப் பண்ணைகளைப் போல நடக்கவில்லை. மாவட்டமே பருத்தியைத் தவிர வேறெதையும் பயிராகக் கருதாத காலத்தில், அங்கே காராமணியும் அவரையும் வெண்டையும் கீரை வகைகளும் சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் வெள்ளரியும் முதலில் விதைக்கப்பட்டன. தின்ன விளைவது முதலில், விற்க விளைவது அடுத்து என்பதே அதன் ஒழுங்கு. உழைத்தவர் வீட்டுக்குக் காய்கறி போனது. உழைக்க இயலாத முதியவர் வீட்டுக்கும் போனது. பசித்த வெள்ளையரும் அங்கே ஒதுக்கப்படவில்லை. உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டாலர். அந்த ஒரு டாலரைக் கட்ட முடிந்தவை முப்பது குடும்பங்கள் மட்டுமே. ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் சந்தா கட்டாமலே உறுப்பினராக ஏற்கப்பட்டன. நிலம் வாங்கும் கடனை அடைக்கப் பருத்தியும் சோயாவும் பயிரிடப்பட்டன. பாடகர் ஹாரி பெலஃபான்டே நிதி கேட்டு முறையீட்டுக் கடிதம் விடுத்தார். விஸ்கான்சின் மாணவர்கள் பசிக்கு எதிரான நடைப்பயணங்கள் நடத்திப் பணம் திரட்டினார்கள். 1971 வாக்கில் பண்ணை 600 ஏக்கரைத் தாண்டியது. பண்ணையாரின் குடிசையிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்குச் சொந்த வீடுகள் எழுந்தன. சிறார் பள்ளியும் தையற்கூடமும் தொடங்கின.

டவுன்சென்ட் குடும்பம் இழந்த பண்ணையையே ஹேமர் மீட்டெழுப்பினார் என்று நாம் கருதுகிறோம். இம்முறை குடும்பம் என்ற சொல்லுக்குள் ஒரு மாவட்டத்தின் ஏழைகள் எல்லோரும் அடங்கினார்கள். தனித்து நிற்கும் ஒரு வீட்டின் தொட்டியில் நஞ்சு கலப்பது எளிது. ஆயிரம் வீடுகளின் தொட்டியில் கலக்க முடியாது.

வெள்ளமும் கடனும்

ஆனால் நஞ்சைத் தவிர வேறு ஆயுதங்களும் உலகில் உண்டு. 1971 பிப்ரவரியில் கடும் சூறாவளி அந்தச் சமவெளியைத் தாக்கியது. நிலத்துக்கென்று வைத்திருந்த பணமும் ஆட்களும் வீடிழந்தவர்களின் துயர்துடைப்புக்குத் திருப்பப்பட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் வறட்சியும் வெள்ளமும் மாறிமாறி வந்து விற்பனைப் பயிர்களை அழித்தன. பயிர் போனதும் நிலத் தவணை நின்றது. பக்கத்து வெள்ளைப் பண்ணையார்களுக்கும் இதே வானம், இதே வெள்ளம். அவர்களுக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் அடுத்த பருவம் வரை தாங்கிக்கொள்ளும் கையிருப்பும் இருந்தன. விடுதலைப் பண்ணைக்கு இருந்தது நன்கொடை மட்டுமே.

நன்கொடை தருவோர் நிர்வாகத் திறன் போதவில்லை என்றார்கள். அது முழுப் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். பண்ணை ஒரே நேரத்தில் உழவு நிறுவனமாகவும் வீடு கட்டும் கழகமாகவும் பசித்தவருக்குச் சோறிடும் மடமாகவும் இருந்தது. நில வருவாயில் நிலக் கடனை அடைக்கும் கணக்கும், பசித்தவரை வெறுங்கையோடு அனுப்பாத மனமும் ஒரே பேரேட்டில் மோதிக்கொண்டன. கடனடைக்கும் பொறுப்பு இறுதியில் ஒரு பெண்ணின் தொண்டையின்மீது விழுந்தது. ஊர் ஊராகப் பேசி, கிடைத்ததைக் கொண்டுவந்து தவணை கட்டினார் ஹேமர். 1971இல் மாநில மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1972இல் உடல் தளர்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பின்னர் மார்பகப் புற்றும் சேர்ந்துகொண்டன. அவருடைய குரல் ஓய்ந்தபோது பண்ணையின் வருவாயும் ஓய்ந்தது. 1976க்குள் சாகுபடி நிலம் கடனுக்கும் வரிக்குமாகக் கைவிட்டுப் போயிற்று. மறு ஆண்டு, 1977 மார்ச் 14 அன்று, கறுப்பின மக்கள் உருவாக்கிய மவுண்ட் பயூ ஊரின் மருத்துவமனையில் ஹேமர் மறைந்தார். வயது 59.

ஆனால் நிர்வாகத் திறனைக் காரணமாகச் சொல்பவர்கள் வேறு சில எண்களுக்கும் விடை சொல்ல வேண்டும். 1920இல் அமெரிக்காவில் கறுப்பின உழவர்கள் நடத்திய பண்ணைகள் 9 லட்சத்துக்கும் மேல். 1982இல் எஞ்சியவை ஏறத்தாழ 33,000. ஒன்பது லட்சம் குடும்பங்களுக்கும் கணக்கெழுதத் தெரியாமற் போயிற்றா? கறுப்பின உழவர்களின் கடன் விண்ணப்பங்களை நடுவணரசின் வேளாண் துறை பல்லாண்டுகளாகத் தாமதித்தும் மறுத்தும் வந்தது என்ற வழக்கில், 1999இல் அந்தத் துறை இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. பிக்ஃபோர்டு வழக்கு என்று அது அறியப்படுகிறது. ஒருவருடைய கழுதையைக் கொல்வதும், விதைக்கும் பருவம் கடந்த பின் அவருக்குக் கடன் வழங்குவதும் ஒரே விளைவையே தருகின்றன. முன்னதைச் செய்தவர் இருளில் வந்தார். பின்னதைச் செய்தவர் அலுவல் நேரத்தில் செய்தார்.

பெறுவதும் காப்பதும்

இதை எழுதும்போது நமக்குப் பஞ்சமி நிலம் நினைவுக்கு வராமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த ஆணை நிலத்தைத் தந்தது. பிறர் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையும் தந்தது. உழ மாடும், இறைக்க நீரும், மழை பொய்த்த ஆண்டில் தாங்கிக்கொள்ளப் பணமும் தரவில்லை. எனவே பட்டா ஒருவர் பெயரிலும் விளைச்சல் வேறொருவர் களத்திலும் என்றானது. மீட்புப் போராட்டத்தை நாம் நடத்தியே ஆக வேண்டும். ஆனால் மீட்ட நிலத்தை முதல் வறட்சியில் இழக்காமல் காப்பது எப்படி என்ற கேள்வியையும் அதே மேடையில் எழுப்ப வேண்டும். கூட்டுறவுக் கடன், விதைக் கையிருப்பு, நீர், சந்தை, கணக்கெழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் எல்லாம் நிலவுரிமையின் பகுதிகளே. ஒரே தலைவரின் குரலை நம்பிக் கடன் கட்டும் அமைப்பு அவருடைய உடலோடு சேர்ந்தே விழுந்துவிடும் என்பதையும் விடுதலைப் பண்ணை நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறது.

அதன் நிலம் முழுவதும் போய்விடவில்லை. கூட்டுறவு வாங்கிய மண்ணில் ரூல்வில் ஊரில் ஒரு துண்டு எஞ்சியது. ஹேமரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1992இல் மறைந்த கணவர் பேப் ஹேமரும் அவருக்கு அருகிலேயே இருக்கிறார். இன்று அது நினைவுத் தோட்டம். பிறர் நிலத்தில் பிறந்து, பிறர் நிலத்தில் உழைத்து, ஒரே இரவில் பிறர் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஒருவரை இனி எவரும் வெளியேறச் சொல்ல முடியாத மண் அது. அந்தத் துண்டு நிலத்தை நினைவிடமாக மட்டும் காண நாம் விரும்பவில்லை. மீதமுள்ள 600 ஏக்கருக்கான கேள்வியை அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.